எனக்கென்ன

இயன்முறை மருத்துவப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி உங்களால் எவர் பின்னாலும் சும்மா நடந்து போக முடியாது. தேரடி வீதியில் முன்னே போகிறவர் பாதத்தைத் திருப்பி வைத்தால், அவருடைய இடுப்பு மூட்டு உங்கள் மனக்கண்ணில் எழும். திருமணப் பந்தியிலிருந்து எழுந்து வருகிற பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய முழங்காலைப் பார்த்துவிடுவீர்கள். நம் தொழில் நமக்குத் தரும் கண் அது. அக்கண்ணுக்கு ஒரு குறை உண்டு. அது வெளிப்புறமாக மட்டுமே திறக்கும்.

காலையில் நோயாளியிடம் "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். அவர் தம் வலிகளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மரியாதைக்காக, "நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?" என்று திருப்பிக் கேட்பார். என் பணிக்காலத்தின் முற்பகுதி முழுவதும் நான் சொன்ன விடை ஒன்றே: "எனக்கென்ன." இலக்கணப்படி அது வினா. நம் பேச்சுவழக்கில் அது விடை. வினாவின் உருவத்தில் வந்து, கேட்டவரின் வாயையும் சொன்னவரின் மனத்தையும் ஒருசேர அடைத்துவிடும் சொல். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த ஆண்டில் நான் இவ்வூருக்கு வந்தேன். நான் பணியாற்றிய தனியார் மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் அறை தரைத்தளத்தில் இருந்தது. நடைப் பயிற்சிக்கு இணையாக நட்ட இரண்டு கைப்பிடிக் கம்பிகள். அவற்றின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியை நோக்கி நடந்தால் வலப்புறம் சன்னல். சன்னல் நிறைய மலை. வேறொன்றும் தெரியாது.

எனக்குத் தொழில் பழக்கிய மூத்தவர் ஒருவர் நடைப் பயிற்சிக்கு ஒரு வழி வைத்திருந்தார். நோயாளிக்குச் சொற்களால் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது; அவருக்கு முன்னால் நாம் நடக்க வேண்டும்; அவர் நம்மைப் பார்த்தபடி பின்னால் வர வேண்டும்; நாம் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நடை காதால் கற்பதன்று, கண்ணால் கற்பது என்பது அவர் கொள்கை. நான் அதை அப்படியே பின்பற்றினேன். என் நோயாளிகள் விரைவில் நடந்தார்கள். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

என்னுடன் பணியாற்றியவர் சம்பத். என்னைவிடச் சற்று இளையவர். தோள்மூட்டுச் சிகிச்சையில் தேர்ந்தவர். ஆண்டுக்கணக்கில் கட்டைவிரலால் பிறர் தசைகளை அழுத்தி அழுத்தி, அவருடைய வலக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருந்தது. தேநீர்க் குவளையை விரல்களால் பிடிக்காமல் இரு உள்ளங்கைகளுக்கிடையே ஏந்திக் குடிப்பார். நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். அவரும், "எனக்கென்ன மேடம், இன்னொரு கை இருக்குதே" என்பார். இருவரும் அந்தச் சொல்லில்தான் குடியிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு கோடையில், அடி அண்ணாமலையைச் சேர்ந்த கன்னியப்பன் என்ற ஆட்டோ ஓட்டுநர் எங்களிடம் வந்தார். வண்டி கவிழ்ந்து இடக்காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கூடிய பிறகு நடை பழக வந்தவர். வாய் ஓயாத மனிதர்.

"மூணு காலு வண்டிக்கு மாசம் ஒரு தபா சர்வீஸ் உடறேம்மா. என் ரெண்டு காலுக்கு உட்டதே இல்ல. அதான் படுத்துக்கிச்சு" என்று முதல் நாளே சொன்னார்.

கால் நன்றாகத் தேறியது. ஊன்றுகோலை விட்டார், கம்பிகளையும் விட்டார். இனி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணியிருந்த நாளில், கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வலக்கால் ஊன்றும்போது அவர் உடல் இம்மியளவு வலப்புறம் சாய்ந்தது. அந்தப் பாதம் குதிகாலில் தொடங்கி மெல்லப் படியாமல், 'தப்' என்று முழுதாக விழுந்தது. முறிந்தது இடக்கால். வலக்காலில் ஒரு கீறலும் கிடையாது. அன்றே அந்தக் காலைத் தசை தசையாகச் சோதித்தேன். வலிமை முழுமையாக இருந்தது. உணர்ச்சி சரியாக இருந்தது.

"காலை மாத்தி டிரீட்மென்ட் குடுத்துட்டோமா மேடம்?" என்று சம்பத் கேலி செய்தார்.

அடுத்த வாரம் அக்கேலி நின்றது. வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் குடும்பத்து அம்மையார் ஒருவர், இடது இடுப்பெலும்பு முறிந்து நடை பழகிக்கொண்டிருந்தார். அவர் உடலும் வலப்புறம் சாயத் தொடங்கியது. அதே அளவு, அதே ஓசை. பின்னர், பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்து தேறிவந்த ஓய்வுபெற்ற கருவூல எழுத்தர். அவருக்கும் நல்ல கால் வலக்கால்தான். அது 'தப்' என்று விழுந்தது.

நோய்கள் வேறு, வயதுகள் வேறு, உடல்வாகு வேறு. ஒவ்வொருவரின் நடையும் அவரவர் கையெழுத்தைப் போன்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கே மூவரின் கையெழுத்தும் ஒன்றாகிவிட்டிருந்தது. ஒரு முற்பகலில் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அக்கம்பிகளுக்கிடையே நடந்தார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வேறொருவர் அம்மூன்று உடல்களுக்குள்ளும் புகுந்து புகுந்து நடப்பதைப் போலிருந்தது.

நானும் சம்பத்தும் காரணம் தேடினோம். தரையில் நீரை ஊற்றி அது எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்தோம். ஊற்றிய இடத்திலேயே நின்றது. கம்பிகளின் உயரத்தை அளந்தோம். கண்ணாடி கோணியிருக்குமோ என்று அதைக் கழற்றி மாட்டினோம். எதிலும் பழுதில்லை.

இதற்குள் வெளியே காத்திருப்போர் தமக்குள் ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். கிரிவலம் செல்கிறவருக்கு மலை எப்போதும் வலப்பக்கம். எங்கள் அறையிலும் மலை வலப்பக்கம். சாய்வதும் வலப்பக்கம். எனவே மலை இழுக்கிறது. எழுத்தரின் மனைவி இதைச் சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். கன்னியப்பனும் அதை நம்பினார். நயினார் வீட்டு அம்மையார் மட்டும் சிரித்தார்.

"நாங்க மலை சுத்தற சாதி இல்லீங்களே. எங்கள எதுக்கு இழுக்குது? ஆள் அடையாளம் தெரியாம இழுக்குதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிற்பகலில் அறை ஒழிந்த பின், சன்னல் நிறைந்த அம்மலையை நோக்கி நெடுநேரம் நின்றேன். நான் அப்படியெல்லாம் நம்புகிறவள் அல்லேன். ஆயினும் அன்று சன்னலைச் சாத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அச்சத்தைவிடப் பெரியது வேறொன்று இருந்தது. ஆட்டோவின் பிரேக் வலக்காலில் இருக்கிறது. வீட்டில் சும்மா இருக்க மாட்டாத கன்னியப்பன், எனக்குத் தெரியாமல் வண்டியை வெளியே எடுத்திருக்கிறார். மறுநாள் வந்தபோது முகத்தில் கேலியே இல்லை.

"காலு பிரேக் மேல தப்புனு உழுதும்மா. நேத்து தேரடியாண்ட ஒரு பூக்காரம்மா. ஒரு ஜாண்ல நின்னுது வண்டி."

காரணம் தெரியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்றேன். பௌர்ணமி நெருங்கிவிட்டது, அந்த ஒரு நாள் ஓட்டம்தான் மாதத்தைக் காப்பாற்றும், அதையும் விட்டுவிட்டுக் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பௌர்ணமிக்குள் இதைக் கண்டுபிடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எதை நம்பிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

பௌர்ணமிக்கு முந்திய நாள், நல்ல வெயில் நேரத்தில் மின்சாரம் நின்றது. மின்விசிறியின் இரைச்சல் அடங்கியதும், அந்த அறையில் அதுவரை நான் கேட்டறியாத ஓர் அமைதி வந்தது. இத்தனை நாள் கண்ணால் பார்த்தோம், இன்று காதால் கேட்போம் என்று தோன்றியது. கன்னியப்பனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பாராமல் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

டக். தப். டக். தப்.

ஓசை தெளிவாகக் கேட்டது. என் முதுகை ஒட்டினாற்போல அவ்வளவு அண்மையில் வந்தது. "வலது கால் சத்தம் உங்களுக்கே கேக்குதா?" என்று நடந்தபடியே கேட்டேன். விடையில்லை. ஓசை மட்டும் தொடர்ந்து வந்தது. கண்ணாடிக்கு அருகே வந்து நின்றேன். அதுவும் நின்றது. திரும்பினேன்.

கன்னியப்பன் அறையின் மறுகோடியில், புறப்பட்ட இடத்திலேயே நின்று, லுங்கி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் வரலை?"

"முடிச்சு அவுந்துபோச்சும்மா. நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருந்தீங்க."

"என் பின்னால யார் வந்தது?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஒருத்தரும் வர்லியேம்மா. நீங்கதான் நடந்தீங்க."

அவர் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போனேன். அவரை விலகி நிற்கச் சொன்னேன். பிறகு, அக்கண்ணாடியை மாட்டிய நாள்முதல் நான் ஒருபோதும் செய்யாததைச் செய்தேன். பின்னால் வருகிறவருக்காகப் பாராமல், முன்னால் வருகிறவரைப் பார்த்தேன். வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெண் கண்ணாடிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாள். வலக்கால் ஊன்றும்தோறும் மலைப்பக்கம் சாய்ந்தாள். பாதம் தட்டையாக விழுந்தது. கணுக்காலை மேலிழுக்கும் தசையும் இடுப்புப் பக்கத் தசையும் ஒன்றாகத் தளர்ந்திருக்கின்றன, கீழ்முதுகில் ஒரு நரம்பு நசுங்கியிருக்க வேண்டும், இவளை இன்றே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்கு நோய் கண்டறிந்து முடித்த பிறகுதான் அவள் யாரென்று கண்டேன்.

கன்னியப்பன் கம்பியைப் பற்றியபடி, சற்றே அஞ்சிய குரலில் சொன்னார்: "நீங்க காட்டின மாதிரிதாம்மா நடந்தேன். ஏதாவது தப்பா?"

சம்பத் உணவு முடித்து வந்தபோது நான் நோயாளிகளின் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "எனக்கென்ன, சம்பத்?" என்றேன். வாழ்நாளில் அன்றுதான் அச்சொல் என் வாயில் வினாவாக வந்தது. அவருக்கும் அது புரிந்தது. என்னைப் படுக்கச் சொல்லி, வலப்பாதத்தின் மேல் தம் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"மேல இழுங்க."

"இழுக்கறேன்."

சிறிது நேரம் அவர் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் இழுக்கலியே மேடம்" என்றார்.

நான் முழு வலிமையோடு இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் நடை மாறியதை நீங்கள் பார்க்கவேயில்லையா என்று அவரிடம் கேட்டேன். பார்த்தேன் என்றார். வராந்தாவில் நான் சாய்ந்து நடந்துபோவதைப் பல மாதங்களாகப் பார்த்திருக்கிறார். "பேஷண்ட் நடையைப் பழகிப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நோயாளியின் நடையை நம் உடலில் போட்டுப் பார்த்துத்தானே நாம் அதன் பழுதை உணர்கிறோம்? நொண்டிக்கொண்டு போகிற கணக்கரைக் கண்டால் அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்போம். நொண்டிக்கொண்டு போகிற இயன்முறை மருத்துவரைக் கண்டால், எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்று வியப்போம்.

சென்னையில் எடுத்த ஸ்கேனில், முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்பு வேரை ஒட்டி, மெல்ல வளரும் தீங்கற்ற கட்டி ஒன்று இருந்தது. அறுவை செய்து அகற்றினார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பாதம் மீண்டிருக்காது என்றார் அந்த மருத்துவர். வலி இருந்ததா என்று கேட்டார். இருந்ததில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. நாள் முழுவதும் பிறருடைய வலியைக் கேட்கிறவர்களுக்கு, வலியில்லாத எதுவும் நலமாகவே தோன்றிவிடுகிறது. பேருந்துப் படியில் ஏறும்போது வலக்கால் செருப்பு மட்டும் கழன்று கழன்று விழுந்தது. செருப்பைக் குறை சொல்லி வேறு வாங்கினேன். சேலையின் கீழ்விளிம்பு வலப்பக்கம் மட்டும் காலில் சிக்கிக் கிழிந்தது; விளிம்பு தைத்தவரைக் கடிந்துகொண்டேன். என் காலைத் தவிர எல்லாவற்றையும் ஐயுற்றேன்.

அன்றே, சென்னைக்குப் புறப்படுமுன், மூன்று நோயாளிகளிடமும் உண்மையைச் சொன்னேன். எழுத்தர் குனிந்து தம் வலக்காலைப் பார்த்தார். நயினார் வீட்டு அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எங்கள இழுத்தது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, எனக்காக அழுதார். கன்னியப்பன் கேட்டுக்கொண்டிருந்தார், ஏற்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது வேறு, தமக்கு நேர்ந்தது வேறு என்றார். "மலை உங்க காலையும் சேத்து இழுத்திருக்குதும்மா. அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க."

சம்பத் அவரை அன்று மாலையே நாற்காலியில் உட்கார வைத்து, பிரேக்கை மிதிக்கிற அசைவை மட்டும் தனியாகப் பழக்கினார். உட்கார்ந்து செய்தபோது அந்தப் பாதம் பழையபடி மென்மையாக இறங்கியது. மறுநாள் பௌர்ணமிக்கு அவர் வண்டியை எடுத்தார். ஒரு பிழையும் நேரவில்லை. ஆனால் அதன்பின் நடைப் பயிற்சிக்கு அவர் வரவேயில்லை. மற்ற இருவரையும் சம்பத் முன்னே நடந்து, சில வாரங்களில் திருத்திவிட்டார்.

நான் பணிக்குத் திரும்பிய பிறகு எங்கள் அறையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வாரத் தொடக்கத்தில் நோயாளிகள் வருமுன் நான் நடப்பேன், சம்பத் பார்ப்பார். பிறகு அவர் தம் கட்டைவிரலை என் முன் நீட்டுவார், நான் பார்ப்பேன். அவர் கைக்கு ஓர் அணைப்பட்டை செய்துகொடுத்தேன். அழுத்தும் வேலையை முழங்கைக்கு மாற்றச் சொன்னேன். அந்த நேரத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் தடை இருந்தது. நீங்களும் இதைச் செய்யுங்கள். உங்கள் உடலைப் பற்றிய தீர்ப்பை உங்களிடமே விடாதீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு அறிவு உண்டு. ஆனால் நீங்கள் நிற்கிற இடம் கண்ணாடியில் விழாத இடம்.

இத்துடன் முடித்திருக்கலாம். சென்ற ஆண்டுவரை, இதைச் சொல்லும்போதெல்லாம் இத்துடன்தான் முடித்துவந்தேன்.

ஓய்வுபெற்ற பின் பௌர்ணமி நாள்களில் விடிந்ததும் மலை சுற்றப் போகிறேன். பக்திக்காகப் பாதியும் காலுக்காகப் பாதியும். சென்ற ஆண்டு ஒரு நாள், அடி அண்ணாமலையில் தேநீர்க் கடையருகே, "அம்மா, நம்மள தெரியுதா?" என்றொரு குரல். கன்னியப்பன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில், பள்ளிச் சீருடை அணியும் வயதில் ஒரு பெண் குழந்தை. அவருடைய கடைசி மகள். வண்டியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசினார். பிறகு, விடைபெறுவதற்கு முன், பெருமிதம் மறைக்காத குரலில் சொன்னார்:

"பாப்பாவையும் இழுக்குதும்மா."

எனக்கு உடனே புரியவில்லை. அவர்கள் நடக்கத் தொடங்கியதும் புரிந்தது. தந்தை வலப்புறம் சாய்ந்தார். அவர் விரலைப் பிடித்திருந்த குழந்தையும், அதே அளவு, அதே கணத்தில், மலைப்பக்கம் சாய்ந்தாள். பின்னாலேயே விரைந்து போய், மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"காட்டனோம்மா. காலு நல்லாத்தான் இருக்குதாம். ஒண்ணும் கொறை இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றவர், மரியாதைக்காகக் கேட்டார்: "நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?"

அந்தப் பழைய சொல் நாக்குவரை வந்து நின்றது. நான் வாய் திறக்குமுன் கூட்டம் அவர்களை முன்னே கொண்டுபோய்விட்டது. வெறுங்கால்கள் பல நூறு அந்தத் தார்ச்சாலையில் நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்கிடையே ஒரு பெரிய பாதமும் ஒரு சிறிய பாதமும் 'தப்' என்று ஒன்றாக விழுவது எனக்குத் தனியே கேட்டது.

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். நேராக, ஓசையின்றி நடந்தன. அந்த நடை இப்போது என்னிடம் இல்லை. அன்று அறையில் நான் முன்னே நடந்தேன், அது பின்னே வந்தது. இன்று அது முன்னே போய்க்கொண்டிருந்தது. நான் பின்னே நடந்தேன்.